கொழும்பில இருந்துகொண்டே ஒரு எகிப்திய தந்தச் சிலையை வடிவா பாக்கிறது எப்பிடி

எகிப்து எண்டவுடன எல்லாருக்கும் பிரமிட்டும் மம்மியும் துட்டன்காமூன்ட தங்க முகமூடியும்தான் ஞாபகம் வரும். என்னைக் கேட்டா, அந்தக் காலத்து ஆக்களின்ட கைவேலையை உண்மையா கிட்டப் போய்ப் பாக்கோணும் எண்டா தந்தத்தில செதுக்கின சின்னச் சின்ன உருவங்களைத்தான் பாக்கோணும். உள்ளங்கைக்குள்ள அடங்கிற சாமான், ஆனா கண் இமை, தொப்பியின்ட மடிப்பு, உடுப்பில உள்ள கட்டம் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. லண்டனுக்கோ கெய்ரோவுக்கோ போகத் தேவையில்லை, வெள்ளவத்தையில ஒரு மேசையில இருந்துகொண்டு ஒரு போன், ஒரு அடிமட்டம், பென்சில், கொப்பி இவ்வளவு இருந்தா தொடங்கலாம்.

தொடங்க முதல் ஒண்டு. பெரும்பாலும் நாங்கள் நூதனசாலைப் பக்கத்தைத் திறந்தவுடன கீழ உள்ள விளக்கத்தைத்தான் வாசிப்பம், அரசன், இந்த வம்சம், இவ்வளவு வருசம் பழசு எண்டு தெரிஞ்சவுடன பாத்து முடிஞ்ச மாதிரி அடுத்ததுக்குப் போயிடுவம். இந்த ஒழுங்கைத் தலைகீழா மாத்துங்கோ. விளக்கம் கடைசியில. முதல்ல பல்லு. தந்தம் எண்டுறது ஒரு மிருகத்தின்ட பல்லுத்தானே, அந்தப் பல்லின்ட வளைவும் தடிப்பும் உள்ளுக்க இருக்கிற பொந்தும் சேர்ந்து, சிலை எவ்வளவு உயரம் வரலாம், கை உடம்போட ஒட்டியிருக்கோணுமா, தலை முன்னுக்குச் சாயோணுமா எண்டதில பாதியை முதலே முடிவு செய்திருக்கும். மிச்சப் பாதிதான் செதுக்கினவற்ற கை. அதைப் பிரிச்சுப் பாக்கப் பழகினா பிறகு எந்தத் தந்தச் சிலையைக் கண்டாலும் உங்களுக்குத் தனியா விளங்கத் தொடங்கும்.

சரி, எந்தச் சிலை? முதல் தடவைக்கு அகழ்வில கிடைச்ச, கிடைச்ச இடம் வடிவா தெரிஞ்ச ஒண்டை எடுங்கோ. நான் சொல்லுறது பிரிட்டிஷ் மியூசியத்தில இருக்கிற சின்ன அரசன் உருவம், இலக்கம் ஈஏ (EA) 37996. அவையின்ட சேகரிப்புப் பக்கத்தில தேடுற பெட்டிக்குள்ள இந்த இலக்கத்தை மட்டும் அடிச்சாலே காணும். அபிடோஸ் எண்ட இடத்தில, கோயில் இருந்த நிலத்தில, ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எண்ட ஆங்கிலேய அகழ்வாய்வாளர் கிண்டி எடுத்தது. முதலாம் வம்சக் காலம் எண்டு சொல்லுறவை, அதாவது கிட்டத்தட்ட 5000 வருசம். உயரம் 9 சென்ரிமீற்றருக்கும் குறைவு.

இப்ப கொப்பியை எடுத்து அடிமட்டத்தால 9 சென்ரிமீற்றர் கோடு ஒண்டு கீறுங்கோ. இதை விட்டிட்டுப் போகாதேங்கோ, ஏனெண்டா ஸ்கிரீன்ல பாக்கேக்க எல்லாச் சிலையும் ஆள் உயரத்தில நிக்கிற மாதிரித்தான் தெரியும், போட்டோ எடுக்கிறவர் கருப்புத் துணிக்கு முன்னால வச்சு லைற் அடிச்சு எடுத்தா 9 சென்ரிமீற்றரும் 9 அடி மாதிரி வந்திடும். கோட்டை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில பிடிச்சு, படத்தை அந்தக் கோட்டளவுக்கு வரும் வரைக்கும் சின்னனாக்குங்கோ. அதுதான் உண்மையான சிலை. அந்த அளவில முகம் உங்கட சின்ன விரல் நகத்தளவு கூட இராது. அதில கண்ணும் மூக்கும் காதும் செதுக்கியிருக்கினம், இரும்பு உளி இல்லாத காலத்தில, தீக்கல்லும் செம்புக் கருவியும் உரஞ்சிற மணலும் வச்சுக்கொண்டு. இதை ஒருக்கா உணர்ந்திட்டு பிறகு பெரிசாக்கிப் பாருங்கோ.

பெரிசாக்கினவுடன கீறத் தொடங்குங்கோ. கீறத் தெரியாது எண்டு சொல்லாதேங்கோ, வடிவுக்குக் கீறச் சொல்லேல்லை, கண்ணை ஓட விடாமப் பிடிச்சு வைக்கத்தான். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூண்டையும் வெளிக்கோடு மட்டும் கீறினாப் போதும். பின்பக்கப் படம் இல்லாட்டி அந்த இடத்தை வெறுமையா விடுங்கோ, ஊகிச்சுக் கீறவேண்டாம். பக்கவாட்டுக்கு வரேக்கத்தான் இந்த அரசன்ட விசேசம் தெரியும், தலையை முன்னுக்கு நீட்டி, தோள் கொஞ்சம் கூனி, மேல் எகிப்தின்ட உயரமான வெள்ளைக் கிரீடத்தைப் போட்டுக்கொண்டு, கட்டம் கட்டமா வேலை செய்த தடிச்ச போர்வையை இழுத்துச் சுத்திக்கொண்டு நிக்கிறார். அந்தப் போர்வை செட் எண்ட அரச விழாவுக்குப் போடுறது. முன்பக்கத்தை மட்டும் பாத்தா இதெல்லாம் விளங்காது. கன புத்தகத்தில முன்பக்கம் மட்டும்தான் போடுவினம், அது எனக்குச் சரியான கவலை.

இப்பத்தான் பல்லு. எந்த மிருகம்?

எங்களுக்குத் தந்தம் எண்டா யானைதான். எகிப்தில அப்பிடி இல்லை, நைல் நதி முழுக்க ஒரு காலத்தில நீர்யானை இருந்தது, ஆரம்ப காலத்து எகிப்தியர் நீர்யானைப் பல்லை கனக்கப் பாவிச்சிருக்கினம். ரெண்டும் ரெண்டு விதமான பொருள். யானைத் தந்தம் தடிப்பானது, நீளமானது, குறுக்கா வெட்டின முகத்தில ரெண்டு பக்கமும் சாஞ்ச கோடுகள் ஒண்டையொண்டு வெட்டி சின்னச் சின்ன வைரக் கட்டம் மாதிரித் தெரியும், அதை ஷ்ரேகர் கோடுகள் எண்டு சொல்லுறவை. இது சிலையின்ட அடிப்பக்கத்திலயோ உடைஞ்ச இடத்திலயோதான் தெரியும், நெடுக்குப் பக்கத்தில தேடினா கிடைக்காது. நீர்யானையின்ட கீழ்க் கடவாய்ப் பக்க நீளப் பல்லு வளைவானது, வெட்டுமுகம் முக்கோணம் மாதிரி, அதில வைரக் கட்டம் வராது, பல்லின்ட வடிவத்தைப் பின்பற்றி மெல்லிய நெளிகோடுகள் ஒண்டுக்குள்ள ஒண்டாப் போகும், நடுவில ஒரு கோடு இருக்கும். வெள்ளையும் கூட, யானைத் தந்தத்தை விடக் கடினமும் கூட. முன்பல்லுகள் நேராக் கட்டை மாதிரி இருக்கும், நேரான சின்ன உருவங்களுக்கு அது நல்லாப் பொருந்தும்.

இதை வாசிச்சு விளங்கிறதை விட நேர போய்ப் பாருங்கோ. தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் நீர்யானைக்கு முன்னால கொஞ்சம் பொறுமையா நிண்டா எப்பயாவது ஒருக்கா வாயை முழுசாத் திறக்கும், அந்த நேரத்தில கீழ்த் தாடையைப் பாருங்கோ, ரெண்டு பக்கமும் வளைஞ்சு மேல வாற பல்லும் நடுவில முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிக்கிற பல்லும் தெரியும். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, மிருகத்தைப் பாத்திட்டுச் சிலையைக் காட்டினா அதுகள் எங்களை விடக் கெதியாப் பிடிச்சிடும். யானைத் தந்தத்துக்கு கங்காராமய விகாரைக்குப் போகலாம், அங்க பெரிய தந்தங்கள் வச்சிருக்கினம், வளைவையும் தடிப்பையும் கண்ணால அளந்துகொண்டு வாங்கோ.

அதுக்குப் பிறகு திரும்ப ஸ்கிரீனுக்கு வந்து பழைய காலத்துத் ‘தாடிக்காரர்’ உருவங்களைத் தேடிப் பாருங்கோ. அரசர்கள் வர முதல், நகாதா காலத்தில, பல்லின்ட நுனியிலயே ஒரு ஆம்பிளைத் தலையையும் கூரான தாடியையும் செதுக்கி, கீழ்ப்பக்கத்தை பல்லாவே விட்டிருக்கினம். உடம்பு எண்டு தனியா ஒண்டும் இல்லை, பல்லுத்தான் உடம்பு. இதைப் பாத்திட்டு அரசன் சிலைக்குத் திரும்பி வந்தா, அவர் ஏன் போர்வைக்குள்ள கையை ஒடுக்கிக்கொண்டு, எங்கயும் நீட்டாம நிக்கிறார் எண்டதுக்கு விழாவோட சேத்து இன்னொரு காரணமும் இருக்கலாம் எண்டு யோசிப்பீங்கள்: ஒடுக்கமான பல்லுக்குள்ள நீட்டின கைக்கு இடம் எங்க?

எலும்பையும் மறக்கவேண்டாம். தூரத்தில பாத்தா எலும்பும் தந்தமும் ஒரே மாதிரி. எலும்புக்குள்ள ரத்தக்குழாய் போன பாதை இருக்கும், பெரிசாக்கினா சின்னச் சின்னப் புள்ளியாகவோ நெடுக்கா மெல்லிய கீறாகவோ தெரியும். பிரிட்டிஷ் மியூசியத்திலயே ஈஏ 32141 எண்டு ஒரு பெண் உருவம் இருக்கு, அது எலும்பு, கண்ணுக்கு நீல லாபிஸ் கல்லுப் பதிச்சது, அந்தக் கல்லு ஆப்கானிஸ்தான் பக்கத்தில இருந்து போகோணும். அதுக்குப் பக்கத்தில ஈஏ 59648ஐத் திறந்து வையுங்கோ, பதாரி எண்ட இடத்தில ஒரு கல்லறையில கிடைச்ச பெண் உருவம், தந்தம், ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர், 6000 வருசப் பழசு. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு மாறி மாறிப் பாருங்கோ. பதாரிப் பெண்ணுக்குப் பெரிய கண், பெரிய மூக்கு, உடம்பு பளபளப்பா உருண்டை. அழகு எண்டா இதுதான் எண்டு ஒரு அளவுகோல் எங்களிட்ட இருந்தா அதை இந்த முகத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் கீழ வைக்கவேண்டி வரும்.

பல்லு பிடிபடேல்லையா, பரவாயில்லை. நிபுணர்களே பிழை விட்டிருக்கினம். பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில கெபல் எல் அரக் கத்திப்பிடி எண்டு சரியான புகழ்பெற்ற சாமான் ஒண்டு இருக்கு, 1914இல கெய்ரோவில வாங்கினது, அதை நெடுங்காலமா யானைத் தந்தம் எண்டுதான் எழுதிக்கொண்டு வந்தவை, பிறகுதான் நீர்யானை எண்டு கண்டுபிடிச்சவை. படத்தை மட்டும் வச்சு உங்களாலயும் எல்லா நேரமும் சொல்ல ஏலாது, கொப்பியில ‘தெரியேல்லை’ எண்டு எழுதிறதும் ஒரு பதில்தான்.

எங்கட ஆக்களுக்கு இதில ஒரு சின்னத் தொடுப்பும் இருக்கு. பிந்தின காலத்தில, ரோமர் எகிப்தை ஆண்ட நேரம், சேர நாட்டு முசிறியில இருந்து ஹெர்மபொல்லன் எண்ட கப்பல்ல தந்தமும் வேற சரக்கும் எகிப்துக்குப் போன கணக்கு பப்பைரஸ் எண்ட நாணல் தாள் ஒண்டில எழுதியிருக்கு, கி.பி. 2ஆம் நூற்றாண்டு, இப்ப வியன்னாவில இருக்கு. அப்ப ரோமர் காலத்துத் தந்தச் சாமான் ஒண்டை எகிப்தில கண்டா அது எங்கட பக்கத்து யானையின்டதாகவும் இருக்கலாம். ஆனா முதலாம் வம்சத்து அரசனுக்கு இந்தக் கதையைப் பொருத்தாதேங்கோ, இடையில 3000 வருசம் கிடக்கு.

அடுத்தது மேற்பரப்பு. தந்தம் ஈரத்தை இழுக்கும், விடும், ஒவ்வொரு திசையிலயும் ஒவ்வொரு அளவுக்கு விரியும் சுருங்கும், அதனால வெடிப்பு வாறது. வெடிப்பு பெரும்பாலும் பல்லின்ட நெடுக்கத்தோட ஓடும், அல்லது படை படையாக் கழரும், ஆகவே வெடிப்பைப் பின்தொடர்ந்தாலே பல்லு எந்தப் பக்கம் வளர்ந்தது எண்டு பிடிக்கலாம். பச்சை நிறம் கண்டா பக்கத்தில செம்புச் சாமான் புதைஞ்சிருந்திருக்கலாம். கருப்போ நீலச் சாம்பலோ எண்டா நெருப்புப் பட்டிருக்கலாம். மண்ணிறம் மண்ணில இருந்து வந்தது. ஹியராகொன்போலிஸ் எண்ட பழைய எகிப்திய ஊரில 1897-98இல குவிபெலும் கிறீனும் தோண்டேக்க குவியலாத் தந்த உருவங்கள் கிடைச்சது, ஈரத்தில ஊறி, ஒண்டோட ஒண்டு ஒட்டி, தொட்டாலே நொறுங்கிற நிலைமையில. அதுகள்ல கன சாமான் இப்ப ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் மியூசியத்தில. அந்தப் படங்களைப் பாக்கேக்க முகம் தேஞ்சு போயிருக்கு எண்டு கடந்து போகாதேங்கோ, அவ்வளவு நொந்த ஒரு பொருளைப் பத்திரமா மண்ணுக்குள்ள இருந்து எடுத்து இவ்வளவு காலம் வச்சிருக்கிறதே பெரிய வேலை.

இப்ப விளக்கத்துக்கு வரலாம். முதல்ல இலக்கம். ஈஏ எண்டா பிரிட்டிஷ் மியூசியத்தின்ட எகிப்துப் பிரிவு. ஜேஈ எண்டா கெய்ரோ மியூசியத்தின்ட வரவுப் பதிவேடு. நியூயோர்க் மெட் மியூசியத்தில 34.1.130 எண்டு இருந்தா முதல் 34 எண்டது 1934, அந்த வருசம் அவையிட்ட வந்தது. இந்த இலக்கத்தில என்ன இருக்கு தெரியுமோ, தந்தத்தில செய்த ஒரு குள்ள மனிசன், நடனமாடுறவர், லிஷ்ட் எண்ட இடத்தில கிடைச்சது, 3900 வருசத்துக்குக் கிட்ட. இவற்ற கூட்டாளிகள் மூண்டு பேர் கெய்ரோவில, ஒரே பலகையில நிக்கினம், நூலை இழுத்தா சுழலுவினம். நாலு பேரையும் ஒரே ஸ்கிரீன்ல சேத்துப் பாக்கிறதுக்கு இந்த இலக்கங்கள்தான் உதவி. கெய்ரோச் சாமான்ட இலக்கம் ஜேஈ 63858.

இலக்கத்துக்குப் பிறகு எப்பிடி வந்தது எண்ட வரி. ‘அகழ்வில கிடைச்சது’, ‘இங்கயிருந்து எண்டு சொல்லப்படுது’, ‘வியாபாரியிட்ட வாங்கினது’ இந்த மூண்டும் ஒண்டில்லை. ரெண்டாவது எண்டா வியாபாரி சொன்ன கதையை மியூசியம் எழுதி வச்சிருக்கு, அவ்வளவுதான். மூண்டாவது எண்டா எந்த வருசம் எண்டு பாருங்கோ. எகிப்து 1983இல 117ஆம் சட்டத்தால பழம்பொருள் வியாபாரத்தையே நிப்பாட்டினது, பழம்பொருள் கடத்தலைத் தடுக்கிற யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970. அதுக்குப் பிறகு வெளிக்கிட்டு வந்த சாமான், முந்தின கதை ஒண்டும் இல்லை எண்டா கேள்வி கேக்கோணும்.

காலம் எண்ட வரியையும் கவனமா வாசியுங்கோ. காபன் சோதனை செய்தா மிருகம் செத்த காலம்தான் வரும், செதுக்கின காலம் வராது, பழைய பல்லை எடுத்துப் பிறகும் செதுக்கலாம். அதனாலதான் கிடைச்ச இடமும் செதுக்கின பாணியும் முக்கியமாகுது, பாணியை வச்சுச் சொல்லேக்க சண்டையும் வரும். இதுக்கு நல்ல உதாரணம் குஃபு. கீசாப் பெரிய பிரமிட்டைக் கட்டுவிச்ச அரசர், பிரமிட் முதல்ல 146 மீற்றர் உயரம், ஆனா அவற்ற பேரோட முழுசாக் கிடைச்ச உருவம் ஒண்டே ஒண்டுதான், தந்தம், 7.5 சென்ரிமீற்றர், ஜேஈ 36143. 1903இல பெட்ரி அபிடோஸில எடுக்கேக்க உடம்பு மட்டும்தான் வந்தது, தலை இல்லை, உடைவு புதுசு. சிம்மாசனத்தில உள்ள பேரை வாசிச்சவுடன ஆர் எண்டு விளங்கி, தோண்டிப் போட்ட மண்ணை எல்லாம் சல்லடை போட வச்சவர், மூண்டு கிழமை. தலை கிடைச்சது. செங்கிரீடம் போட்டு, ஒரு கையில சாட்டை, மற்றக் கை முழங்கால்ல. அந்த முகத்தைப் பெரிசாக்கிப் பாருங்கோ, எவ்வளவு பிடிவாதமான வாய். ஸாஹி ஹவாஸ் எண்ட எகிப்திய அகழ்வாய்வாளர் இது குஃபு காலத்துச் சாமான் இல்லை, 26ஆம் வம்சத்தில, கிட்டத்தட்ட 2000 வருசம் பிந்திச் செய்தது எண்டு வாதாடினவர், வேற கன பேர், இல்லை, பழைய இராச்சியம், அதாவது குஃபுவின்ட காலம்தான் எண்டு நிக்கினம். நீங்கள் உங்கட கீறலையும் குறிப்பையும் வச்சுக்கொண்டு ரெண்டு பக்கத்தையும் வாசிச்சா, அது வெறும் பேர் சண்டையாத் தெரியாது, ‘கிரீடத்தின்ட இந்தக் கோட்டைத்தான் சொல்லுறார்’ எண்டு விளங்கும்.

கண் பழகினாப் பிறகு கறுவாத்தோட்டத்து தேசிய நூதனசாலைக்கு ஒரு நாள் போங்கோ, 1877இல தொடங்கினது. எகிப்துச் சாமானைத் தேடிப் போகவேண்டாம், எங்கட நாட்டுத் தந்த வேலைப்பாட்டைத் தேடிப் போங்கோ. சீப்பு, பெட்டி மாதிரிச் சாமான்கள்ல எங்கட சிற்பிகள் கொடியும் அன்னமும் இடமே விடாம நிரப்புவினம், எகிப்தியர் வெறும் மினுக்கின பரப்பை அப்பிடியே விடுவினம். அதே பொருள், ரெண்டு விதமான மனசு. கோட்டை இராச்சியத்துப் புவனேகபாகு அரசர் 1540கள்ல போர்த்துக்கல்லுக்கு அனுப்பின தந்தப் பெட்டி இப்ப ஜேர்மனியில மியூனிக்கில, அதின்ட படத்தையும் போக முதல் பாத்திட்டுப் போனா நல்லது. படம் எடுக்கலாமோ எண்டு ரிக்கற் எடுக்கிற இடத்தில கேளுங்கோ. போன் ரோர்ச்சைக் கண்ணாடிக்குள்ள அடிக்கவேண்டாம், பக்கவாட்டா நிண்டு அறை வெளிச்சத்திலயே பாருங்கோ, கீறின கோடு அப்பத்தான் நிழலோட தெரியும்.

ஒரு விசயம் கண்டிப்பாச் சொல்லோணும். தந்தத்தில ஆசை வந்திட்டுது எண்டு ஒண்டும் வாங்காதேங்கோ, எகிப்துப் பழசு எண்டு நெட்டில விக்கிற சாமானையும் சரி, இஞ்ச ஆரும் ரகசியமாக் காட்டுறதையும் சரி. எங்கட யானையள்ல தந்தம் உள்ள கொம்பன் சரியான குறைவு. 2012இல கொழும்புத் துறைமுகத்தில பிடிச்ச 359 ஆபிரிக்கத் தந்தங்களை 2016 ஜனவரி 26ஆம் திகதி காலிமுகத்திடல்ல வச்சு நொறுக்கினவை, தெற்காசியாவில அப்பிடிச் செய்த முதல் நாடு நாங்கள்தான். ஒவ்வொரு தந்தத்துக்குப் பின்னாலயும் ஒரு செத்த யானை. பழைய சிலையை விரும்புறதும் இண்டைக்கு ஒரு தந்தமும் விலைப்படக்கூடாது எண்டு நினைக்கிறதும் ஒரே மனசில இருக்கலாம், இருக்கோணும். உண்மைத் தந்தமா பிளாஸ்ரிக்கா எண்டு பாக்க சூடாக்கின ஊசியால குத்தச் சொல்லுவினம் சிலர், அது சாமானைக் காயப்படுத்திற வேலை, செய்யவேண்டாம். வீட்டில அம்மம்மாவின்ட பழைய சீப்பு இருந்தா தண்ணியில கழுவாதேங்கோ, வெயில்ல காயப் போடாதேங்கோ, ஏசிக்கும் ஜன்னலுக்கும் கிட்ட வைக்காதேங்கோ. கொழும்புக் காத்தில எப்பிடியும் ஈரம் கூட, அது கூடிக் குறையிறதுதான் வெடிப்புக்குக் காரணம், ஒரே நிலையில அலுமாரிக்குள்ள பஞ்சுத் துணியில சுத்தி வச்சாப் போதும்.

படங்களைச் சேர்த்து வைக்கிறதெண்டா, மெட் 2017இல இருந்து காப்புரிமை முடிஞ்ச சாமான்களின்ட படத்தை ஆரும் எப்பிடியும் பாவிக்க விட்டிருக்கு, பிள்ளையளின்ட பள்ளிக்கூட வேலைக்கு அதைத் தாராளமாப் பிரிண்ட் எடுக்கலாம். மற்ற மியூசியங்களின்ட நிபந்தனையைப் படத்துக்குக் கீழ வாசிச்சிட்டு எடுங்கோ. பிரிண்ட் எடுக்கேக்க உண்மை அளவுக்கு ஒண்டு, பெரிசா ஒண்டு எண்டு ரெண்டு எடுத்து, பின்னால இலக்கத்தையும் கிடைச்ச இடத்தையும் எழுதுங்கோ. அடிப்பக்கப் படமோ பின்பக்கப் படமோ இல்லாட்டி மியூசியத்துக்கு இலக்கத்தைப் போட்டுச் சுருக்கமா ஒரு ஈமெயில் எழுதிக் கேளுங்கோ, பதில் வர நாள் எடுக்கலாம், அதுக்கிடையில அடுத்த சிலையைக் கீறத் தொடங்குங்கோ.